மாமா உருட்டிய கீரை விதை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று அயனம்பாக்கத்தில் என் தோட்டத்துக் கீரை வேகாத அடுப்பு கிடையாது. எதைக் கண்டும் வாய் பிளந்து பழக்கமில்லாத ஆள். ஒரே ஒருமுறை பிளந்தேன். அது வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம்.

ஏரிக்கரையில் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் அப்பா தண்டுக்கீரை விதைத்தார். தூசு மாதிரி விதை. பாதியைக் காற்று கொண்டுபோனது, மீதியை எறும்பு. மறுபடி விதைத்தார், அதே கதை. இனியும் முளைக்காவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு விடப்போவதாக நிலக்காரர் சொல்லிவிட்டார். வீட்டில் மிச்சமிருந்தது ஒரு கைப்பிடி விதை.

அப்போது என் தாய்மாமன் எங்கள் வீட்டில் சும்மா இருந்தார். கரையான்சாவடியில் சீரகத்தைப் பாகு தெளித்து உருட்டி, சீரக மிட்டாய் போட்டுக்கொண்டிருந்தவர். சர்க்கரை கிடைக்காமல் கடையை மூடிவிட்டார்கள். அப்பா அவரோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். அந்த அப்பாவிடம் போய்க் கேட்டார்:

"மாமே, அந்த வெதய எங்கிட்ட குடு. சீரகத்த உருட்றாப்ல உருட்டித் தரேன்."

வேறு வழியில்லாமல் அப்பா கொடுத்தார். மாமா பாதி விதையைத் தாம்பாளத்தில் கொட்டி, கைப்பழக்கத்தில் வெல்லப்பாகைத் தெளித்துவிட்டார். அது காய்வதற்குள் எறும்பு சாரை பிடித்தது.

"எறும்புக்கு விருந்து வச்சிகினு கீறியா, மச்சான்? மொய் எவ்ளோ வந்துச்சி?" என்றார் அப்பா.

மாமா தாம்பாளத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மீதி விதையை எடுத்தார். இம்முறை வேப்பிலைச் சாறு கலந்த கஞ்சித் தண்ணீர், சலித்த ஏரி வண்டல், சாம்பல். ஒரு தெளிப்பு, ஒரு தூவல், தாம்பாளத்தை வளைத்து ஓர் ஆட்டு. தூசு கடுகானது, கடுகு மிளகானது. ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை. கண்ணெதிரே விதை பருப்பதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நிழலில் உலர்த்தி, சாண் இடைவெளியில் ஒவ்வொன்றாக வைத்துத் தண்ணீர் தெளித்தோம்.

ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால், மாமா விரல் பட்ட இடமெல்லாம் சிவப்பு முளை, நூல் பிடித்தாற்போல. சந்நிதியில் நிற்பதுபோல் நின்றேன்.

அப்பா வரப்பிலேயே நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஊட்டுக்கு வா மச்சான், ஒண்ணா சாப்டலாம்" என்றார்.

நிலக்காரர் எதிரில் மட்டும்தான் அவர் துண்டை அப்படி இறக்குவார். வெயில்கூட ஏறாத நேரத்தில் அப்பாவுக்கு ஏன் இப்படிப் புழுங்குகிறது என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.