மலாக்காவைப் போர்வையாகத் தைத்தவன்

முசிறியிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தியோடு வாழ்க்கையைத் தொடங்கியவன் நான். மணலில் அ, ஆ எழுதியதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அப்படிப்பட்டவன் இன்று மலாக்கா பட்டணத்தில் சொந்தமாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். மூன்று யந்திரம் ஓடுகிறது. தோட்டத்து மாரியம்மன் தேருக்குத் தொங்கவிடும் துணித் தொம்பை தைத்தது நான். இந்த வட்டாரத்தில் கால்சட்டை போடுகிற ஆபீஸ் கிராணிமாரில் பாதிப்பேர் மானம் என் ஊசியில் நிற்கிறது. ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலத்தில், போகமாட்டேன் என்று கூலி லயத்தை விட்டு நடந்தே பட்டணம் வந்து, ஒரு சீனர் கடை வாசலில் கிழிசல் தைக்க உட்கார்ந்தேன். யாரும் கைதூக்கிவிடவில்லை. நான் வாயால் சொல்லச் சொல்ல எழுதிய இதில் எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கைவைக்க வேண்டாம்.

இங்கே மார்கழியிலும் முதுகு வேர்க்கும். நம் பக்கத்து மார்கழிப் பனிக்கே ஒரு துப்பட்டி போதும். இப்படிப் புழுங்குகிற ஊரில், பஞ்சு வைத்துத் தைத்த போர்வை வேண்டும் என்று ஒரு துரைசானி என் கடைப்படி ஏறினார். எங்கள் பழைய தோட்டத்துத் துரையின் தங்கை. கப்பலில் ஊர் பார்க்க வந்து அண்ணன் பங்களாவில் தங்கியிருந்தார். கூட வந்த தோட்டத்துக் கிராணி பொன்னையா விளக்கினார்: "குளிருக்கு இல்லண்ணே. மலாக்காவையே துணியில ஒட்டித் தரணுமாம். அங்க போயி கட்டில்ல விரிச்சு, நான் பார்த்த ஊரு இதுதான்னு காட்டுவாங்களாம்."

நம் ஊரில் நைந்த சேலையை மடித்துத் தைத்துப் பிள்ளைக்கு விரிப்போம். நல்ல துணியை வெட்டித் திரும்ப ஒட்டுகிறவனைப் பைத்தியம் என்பார்கள். ஆனாலும் வேலை புதிது என்றால் எனக்குக் கை அரிக்கும். துரைசானி நீட்டிய காகிதத்தில் சிவப்புக் கட்டடம், பழைய கோட்டை வாசல், தென்னைமரம், நீலக் கடல் எல்லாம் இருந்தன. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வண்டியைவிட்டு இறங்காமல் பார்த்த மலாக்கா. "தம்பி, இந்தக் கடலு நீலமா? கரையில நின்னு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க" என்றேன். பொன்னையா பாதியை விழுங்கிவிட்டு ஏதோ சொன்னார். துரைசானி சிரித்துத் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று இன்றுவரை தெரியாது. நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் கடைக்குப் பொத்தான் கட்ட வருகிறவள் தீமா மக்சிக். மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி ஒரு முறை. கம்பம் என்கிற அவள் மலாய்க் கிராமத்துப் பெண்கள் பழைய சாரோங் கைலியை முக்கோணமாக வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரிகள். அந்த ஒட்டை அவள் காட்டினாள். எதை எங்கே வைப்பது என்பதை நான் முடிவு செய்தேன். வெள்ளைத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி, மலாக்காக் கரையில் நிஜமாகக் கிடக்கிற சேற்றுக் கடலின் நிறத்தைக் கொண்டுவந்தேன். கொம்பு தூக்கிய மாட்டுவண்டிக் கூரைகளைத் தீமாவின் முக்கோணங்களால் அடுக்கினோம். மேலே ரப்பர் பால்மரம். தோட்டத்தில் இறங்கிய முதல் நாள் எனக்கு நினைவு இருக்கிறது. நேராகப் பார்த்தாலும் வரிசை, சாய்வாகப் பார்த்தாலும் வரிசை. எங்கள் முசிறிப் பக்கம் வேப்பமரம் தன் இஷ்டத்துக்கு நிற்கும். மரத்தையே வரிசையில் நிறுத்துகிற தேசம், மனுஷனை என்ன செய்யுமோ என்று அன்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் பச்சைக் கீற்றுகளாக நிறுத்தினேன். கேட்டவர் மனம் நோகக் கூடாதென்று கோட்டை வாசலையும் ஓர் ஓரத்தில் வைத்தேன்.

முடித்த அன்று ஒரு காரியம் செய்தேன். புதுத்துணிக்கு முனையில் மஞ்சள் வைப்பது நம் வழக்கம். கடையில் தைக்கிற சட்டைக்கு நான் வைப்பதில்லை. இதற்கு நான்கு முனையிலும் வைத்துக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே பொன்னையா மூச்சிரைக்க வந்தார்.

"என்னண்ணே பண்ணி வச்சீங்க? கறையின்னு சவுக்காரம் போட்டாங்களாம், செக்கச்செவேல்னு ஆயிருச்சு. ரத்தம்னு தொரசாணி அலறுறாங்க."

"மஞ்சளும் சவுக்காரமும் சேர்ந்தா சிவக்கத்தானே செய்யும்? ரெண்டு நாள் வெயில்ல போடச் சொல்லுங்க, இருந்த இடம் தெரியாது."

"மஞ்சள்னு சொன்னேன்லா. கறிக்குப் போடுறத எதுக்குப் போர்வையில பூசினான்னு கேக்குறாங்க."

அதற்குப் பதில் சொல்லும் அளவுக்குப் பொன்னையாவின் இங்கிலீஷும் இல்லை, என் தமிழும் இல்லை. துரைசானி வெயிலுக்குக் காத்திருக்கவில்லை. நான்கு முனையையும் வெள்ளைத் துணிப்பூ வைத்து மூடித் தைத்துவிட்டார். ஒரு பூவின் நடுவில் தன் பெயரை நூலால் எழுதினார்.

அடுத்த வாரம் பட்டணத்துக் கண்காட்சியில் அந்தப் போர்வை தொங்கியது. முதற்பரிசு நாடா குத்தியிருந்தது. கீழே அட்டை. பொன்னையா தயங்கித் தயங்கி வாசித்தார்: துரைசானியின் கைவேலையாம். ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஒரு மலாய்க்காரக் கிழவர் சேற்றுக் கடலைக் காட்டிப் பேரனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வந்து சேரவேண்டியது. துரைசானி என்னைக் கண்டதும் அன்பாகத்தான் பேசினார். "நல்லா ஒத்தாசை பண்ணினீங்கன்னு சொல்றாங்க" என்றார் பொன்னையா. ஒத்தாசை! முனை நான்கும் அவருடையவை. இல்லை என்று சொல்லமாட்டேன். நடுவில் கிடக்கிற ஊர் யாருடையது?

போர்வை கப்பலேறிப் போய்விட்டது. ஆனால் பரிசு பெற்றவர்கள் பெயரைப் புத்தகமாக அச்சடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கண்காட்சிக்காரர் கட்டம் போட்டுக் கொடுத்த மனுத்தாளை நிரப்பப் பொன்னையாவை உட்காரவைத்தேன். பொத்தான் கட்டிக்கொண்டிருந்த தீமா மலாயில் கேட்டாள்: "நீ தைத்த கால்சட்டையில் எல்லாம் உன் பேரா இருக்கிறது?"

"கால்சட்டை போடுகிறவன் அளவு. இது என் அளவு" என்றேன். "உன் பேரும் வரும்."

"என் பேரா? என் வீட்டுக்காரன் நம்பமாட்டான்" என்று நூலைக் கடித்தாள்.

பொன்னையா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "மாரிமுத்து, தையல்காரர். எந்த ஊருன்னு போட?" என்றார். வாய் தானாக முசிறி என்றது. தீமா நிமிர்ந்தாள்: "முசிறியில் இருந்துகொண்டா இந்தக் கடலைத் தைத்தாய்?" சரி, மலாக்கா என்றேன். "அப்ப முசிறிய அடிச்சிரவா?" என்று பேனா இறங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வந்திறங்கிய அன்று கப்பல்துறையில் கேட்டபோதுகூட இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டும் இருக்கட்டும் என்றேன். ஒரு பெயருக்கு ஓர் ஊர் போடத்தான் கட்டத்தில் இடம் என்றார் பொன்னையா. அச்சடிக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: கட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள். தீமா, மலாக்கா. மாரிமுத்து, முசிறி, மலாக்கா. ஓர் எழுத்தும் குறையக் கூடாது.