வாய் கட்டிய சட்டி

எங்கள் வீட்டிலிருந்து கண்டிக்கு ஒரு சட்டி தயிர் போய்ச் சேர முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது.

முதல் சட்டியைத் தம்பிதான் கொண்டுபோனான். கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைக் கம்பஸில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. கண்டியில் போர்டிங்கும் பார்த்தாயிற்று. வெறுங்கையோடு போய் ஒரு வீட்டில் ஏறுவது அழகில்லை என்று அம்மா எருமைத் தயிர் வாங்கிவந்தார். சிந்தாமல் இருக்கட்டும் என்று துணி போட்டுச் சட்டியின் வாயை இறுக்கிக் கட்டியது நான். காட்டுவழியில் அப்போதிருந்த ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். அவனைத் தவிர எல்லோரும் திரும்ப ஏறினார்கள்.

மறுநாள் கொண்டக்டர் வாழைச்சேனையில் எங்கள் வீட்டைத் தேடிப்பிடித்து அவனுடைய பையையும் சட்டியையும் தந்தார். தயிர் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. நடுவில் குச்சி விட்டுப் பார்த்த துளை மட்டும் இருந்தது. அந்த வழியால் போய்வருகிறவர்கள் சட்டியின் வாயைக் கட்டுவதே இல்லை என்று அவர் சொன்னார். கட்டியிருந்தால் சந்தேகப்பட்டு நிறையக் கேள்வி கேட்பார்களாம். நல்ல மனிதர், குற்றம் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை இன்றுவரை விடவில்லை.

அந்தத் தயிரைச் சாப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. நாற்றம் எடுத்த பிறகு முருங்கை மரத்தடியில் கிடங்கு வெட்டிச் சட்டியோடு தாட்டேன். தம்பிக்கு எங்கள் வீட்டில் நடந்த அடக்கம் அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் தயிர் தொட்டதில்லை, கண்டிப் பக்கம் போனதுமில்லை.

இப்போது என் மகளுக்கு அதே கம்பஸ். ஊரெல்லாம் வாழ்த்தியது, நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். உள்ளுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தேன். கூடவே போவது, போர்டிங்கில் ஏதாவது குறை கண்டுபிடிப்பது, ஆளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது. குறை கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. போர்டிங்கார அம்மா போனில் மட்டக்களப்புத் தயிர் கேட்டாராம். மகள் வாங்கிவந்து, ஆசையாகத் துணி போட்டு வாய் கட்டியும் வைத்தாள். பஸ்ஸில் ஏறியதும் நான் அந்த முடிச்சை அவிழ்த்தேன். சிந்தப்போகுது என்று அவள் முறைத்தாள். காடு முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மாத்தளை தாண்டிய பின் காது அடைத்தது. எங்கள் பக்கத்தில் பார்வை வயலும் வாவியும் கடந்து எங்கோ போகும். மலைநாட்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை வந்து முன்னால் நிற்கிறது.

போர்டிங்கார அம்மா பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார் என்பதால் சட்டியும் கையுமாகவே கண்டியைச் சுற்றினோம். வாவியைச் சுற்றி நடந்தோம். முதுகில் பையோடு பொடியன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவனுடைய பின்கழுத்து அப்படியே தம்பியினுடையது. நான்கு கடை தூரம் அவன் பின்னாலேயே போய்விட்டேன். மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"மாமாவத் தேடுறீங்களாம்மா? அவருக்கு இப்ப தலை நரைச்சிருக்கும்."

அவன் பத்தொன்பது வயதிலேயே நிற்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே விளங்கியது.

புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை வாசலில் பெண்களுக்குத் தனி வரிசை, பை சோதனை. எங்கள் முறை வந்ததும் ஒரு கையில் அடையாள அட்டையையும் மறு கையில் திறந்த தயிர்ச்சட்டியையும் அந்தப் பொலிஸ் பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டினேன். கிளறிப் பார்க்க வசதியாகச் சரித்தும் காட்டினேன். அவள் மிரண்டு, பிறகு சிரித்து, இரண்டும் வேண்டாம் என்று கையசைத்தாள். சாவடிக் காலத்தில் அவள் பிறந்தே இருக்கமாட்டாள். மகள் சிரிக்கவில்லை.

உள்ளே எண்கோண மண்டபத்தைக் காட்டி, அதைக் கட்டிய கண்டியின் கடைசி அரசன் தமிழ் பேசியவன் என்று மகள் பெருமையாகச் சொன்னாள். ஒளிந்திருந்தவனை வெள்ளைக்காரர் பிடித்துக் கட்டி, கப்பலேற்றி, வேலூரில் சிறை வைத்தார்களாம். அவன் திரும்பி வரவேயில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவனை எங்கே கொண்டுபோனார்கள் என்றாவது எழுதி வைத்திருக்கிறார்களே.

போர்டிங்கில் என் வேலையைத் தொடங்கினேன். படி செங்குத்து, சுவரில் ஈரம், யன்னல் கொக்கி சரியில்லை. வீட்டுக்குப் போவோம் என்று மகளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"சட்டியத் திறந்து காட்டினீங்களே, அப்பவே உங்கட பயம் எனக்கு விளங்கிட்டு. நான் வரல்லம்மா. நான் இங்க இருந்து படிக்கணும்."

வாக்குவாதப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. போர்டிங்கார அம்மா, சிங்களத்தில் ஏதோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே மூன்று கோப்பைகளில் தயிரும் இனிப்புக்குக் கித்துல் பாணியும் கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் முறையும் அள்ளிப் போட்டுக்கொண்டார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

மறுநாள் நான் மட்டும் புறப்பட்டேன். சாப்பாடு வந்த பாத்திரத்தை அங்கேயும் வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள் போலிருக்கிறது. போர்டிங்கார அம்மா சட்டியைக் கழுவி, கித்துல் கருப்பட்டி போட்டு, துணியால் வாயை இறுக்கிக் கட்டித் தந்தார்.

காட்டுவழி வந்தபோது கை தானாக முடிச்சுக்குப் போனது. இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன். சாவடி இருந்த இடம் எது என்று தெரியவில்லை. எங்கும் ஒரே பற்றைக்காடு. தம்பி எந்த இடத்தில் இறங்கினான் என்று என்னாலும் இனிச் சொல்ல முடியாது. போன் அடித்தது, மகள்.

"அந்த இடத்தத் தாண்டிட்டீங்களாம்மா?"

"ஓம் புள்ள, தாண்டிட்டன்" என்றேன். தாண்டினேனா என்று எனக்குத் தெரியாது. வாழைச்சேனை வரும்வரை முடிச்சின் மேலேயே கையை வைத்திருந்தேன். அவிழ்க்கவில்லை.