காலுக்குள் இருந்த தகடு

துணி முடிச்சை அவிழ்த்து அந்த அம்மா நான் எழுத்து வெட்டும் மேசையில் வைத்தது ஒரு சாண் நீளத் தகடு. ஒரு முனை அகன்று வளைந்திருந்தது. நெடுகத் திருகுத் துளைகள். நெருப்பில் வெந்து நீலம் பாரித்திருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. டைட்டானியம்.

"எந்த மெஷின்ல இருந்து கழட்டுனதும்மா?"

"மெஷினா? எங்க வீட்டுக்காரவுக தொடைக்குள்ள இருந்தது ஆத்தா."

தகடு என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"கடிக்காது, எடு" என்றார் அவர்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்து, அவர் கணவருக்குத் தொடை எலும்பு முறிந்தது பல வருடங்களுக்கு முன்னால். அப்போது வைத்த தகடு. போன வாரம் மாரடைப்பில் அவர் இறந்துபோனார். எரிவாயு மயானத்தில் சாம்பலோடு இதையும் இந்த அம்மா கேட்டு வாங்கியிருக்கிறார்.

"'எல்லாரும் செத்தா சாம்பலு, நா செத்தா தகடு மிஞ்சும்டி'ன்னு கேலி பேசுவாக. மிஞ்சிருச்சுல்ல? இதுல அவுக பேர வெட்டிக் குடு. எங்கிட்ட அவுக போட்டோகூட நல்லதா ஒண்ணு இல்ல. வச்சுக் கும்புட இது ஒண்ணுதான்."

பாத்திரக்கடையில் மின்சார ஊசியால் பெயர் போடுகிறவர் இதில் எழுத்து விழாது என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். கேட்டதும் எனக்கு நிமிர்வு வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அந்தக் குடும்பத்திலிருந்து வந்து, எஃகிலும் டைட்டானியத்திலும் உளி பிடித்து எழுதுகிறேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பதில்லை.

வெந்த மேல்தோல் கண்ணாடிபோல இறுகியிருந்தது. உளி வழுக்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அடியில் வேறு குணம். சீவல் உதிராமல் உளி முனையில் அப்பிக்கொண்டு அடுத்த கோட்டைக் கிழிக்கப் பார்த்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் முனையைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டினேன். ஓர் உளியின் முனை உடைந்தது. முதல் எழுத்து முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டாவது எழுத்துக்காகத் தகட்டைத் திருப்பிப் பிடித்தபோது, ஓரத்தில் பொடி எழுத்துகள் தெரிந்தன. லென்ஸ் வைத்தேன். ஒரு நீளமான எண், பக்கத்தில் ஆங்கில எழுத்து 'எல்'. படித்தவள் அல்லவா, சத்தமாகச் சொன்னேன்.

"இதுலயே போட்டிருக்கும்மா. எடது காலுக்குன்னு."

"எடதா? அவுகளுக்கு ஒடஞ்சது வலது காலுல்ல?"

நான் தகட்டை என் தொடையின் வெளிப்பக்கம், முட்டிக்கு மேலே வைத்துப் பார்த்தேன். இடது காலில் வளைவு அப்படியே பொருந்தியது. வலது காலில் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நா சுருளி ஆத்துல சாம்பலுன்னு கரைச்சது யார ஆத்தா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மயானத்துக்குப் போன் செய்தபோது எண்களை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன்.

"சாம்பலு அவுகதும்மா, அதுல மாத்தமே கெடையாது" என்றார் அங்கே வேலை செய்கிறவர். "தகடு கம்பியெல்லாம் ஒரே டப்பாவுலதான் போடுவோம். யாரும் கேக்க மாட்டாக. இவுக அழுதாக, கைக்கு வந்தத எடுத்துக் குடுத்தேன்."

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "வண்டிய எடு" என்றார்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போனோம். அந்த ஆள் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தார். தகடுகள், கம்பிகள், இடுப்பு மூட்டுக்கு வைத்த உருண்டைகள். சந்தையிலும் பஸ்ஸிலும் என் பக்கத்தில் நின்றவர்கள் உடம்புக்குள் இருந்தவை.

"இத்தன பேரா!" என்றார் அந்த அம்மா.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்பது துளைகள். மூன்றாவதில் ஒரு திருகு பாதியில் ஒடிந்து நின்றது. எனக்கு முன்பே அவர் அந்தத் தகட்டைக் குவியலில் கண்டுவிட்டார். துளைக்குள் ஒடிந்த திருகு இன்னும் இருந்தது. ஓரத்தில் 'ஆர்' என்ற எழுத்து இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். அப்புறமும் என் வலது காலில் வைத்துப் பார்த்தேன்.

"இவுகதான்" என்று அதை முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

நான் எழுத்து வெட்டிய தகட்டை அந்த ஆள் டப்பாவுக்குள் போடப் போனார்.

"அந்த எழுத்த அழிக்க முடியாதுண்ணே" என்றேன். அழித்தால் தகடே பாதியாகிவிடும் என்பது எனக்குத்தான் தெரியும்.

"இத யாரு தேடி வரப்போறாக?"

"இந்தம்மா வந்தாகல்ல?"

டப்பா மூடியில் என் போன் நம்பரை எழுதினேன். யாராவது வந்து, இது ஏன் வேறு ஒருவரின் பெயரெழுத்தோடு இருக்கிறது என்று கேட்டால் நான்தான் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.