எல்லாரும் ஒட்டலாம்

அடையாறில் ஒரு தனியார் பள்ளி. ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்திவந்த தபஸ்ஸும் டீச்சரை ஒரு ஜூன் மாதத்தில் ‘ஃபெசிலிடேட்டர்’ ஆக்கினார்கள். பேப்பர் திருத்துவது மட்டும் பழைய பதவியிலேயே தொடர்ந்தது.

காரணம், பள்ளி புதிதாக வாங்கிய ஆன்லைன் போர்டு. பிள்ளைகள் டேப்லெட்டில் வண்ணச் சீட்டு எழுதி ஒட்டி, அம்புக்குறியால் இணைத்தால் அறிவு தானாக வளரும் என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். அன்றைக்கு வைஃபை வரவில்லை. போர்டைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார், ஆசிரியர்கள் கைதட்டினார்கள். போர்டில் நிறம் அதிகமிருந்தால் நல்ல வகுப்பு என்பது பிரின்சிபால் கோமளம் மேடத்தின் கணக்கு.

முதலில் பிள்ளைகள் ஒருவர் ஒட்டியதை ஒருவர் அழித்தார்கள். பிறகு போர்டிலிருந்த இமயமலைப் படத்துக்கு மீசை முளைத்தது. ஆனாலும் வாயே திறக்காத பிள்ளைகள்கூட அதில் எழுதுவதைப் பார்த்து, தபஸ்ஸுமுக்கே போர்டின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

மழைக்காலத்தில், ‘மழைநீர் எங்கே போகிறது?’ என்று நடுவில் எழுதிப் போர்டைத் திறந்தார். ஆறு, ஏரி, கடல் என்று புத்தகத்தில் உள்ளபடி சீட்டுகள் விழுந்தன. பாலவாக்கத்திலிருந்து வரும் ஏஞ்சல் ஒரே ஒரு சீட்டு ஒட்டினாள்: ‘எங்க வீட்டுக்கு.’

வகுப்பே சிரித்தது.

“தண்ணி பூந்துட்டா கட்டில் மேலதான் மிஸ் சோறாக்குறது. வடியற வரைக்கும் கீழ எறங்க முடியாது,” என்றாள் அவள்.

தபஸ்ஸும் அந்தச் சீட்டிலிருந்து ஓர் அம்பு இழுத்து ‘ஏன்?’ என்று எழுதினார். வீட்டில் கேட்டு எழுதட்டும் என்று லிங்க்கைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பிள்ளைகளை ஒதுக்கிவிட்டுப் பெற்றோர்களே களத்தில் இறங்கினார்கள். ஒரு மாடி வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் வாசலில் போட்ட சிமெண்டுச் சரிவைக் குற்றம் சொன்னார். கீழ்வீட்டுக்காரரின் மகளும் அதே வகுப்பு. ரோஜா நிறச் சீட்டில் பதில் வந்தது. கடைசியில், பெயர் போடாத ஒருவர் ஒட்டினார்: ‘இந்தப் பள்ளியின் புதுக் கட்டடம் நிற்கிற இடம் முன்பு குளம்.’ எல்லா அம்புகளும் அதை நோக்கித் திரும்பின.

போர்டு நிரம்பி வழிவதைப் பார்த்து, இதுவல்லவோ கூட்டுக் கற்றல் என்று கோமளம் மேடம் காலையில் பூரித்தார். சீட்டுகளைப் படித்தது மத்தியானம்தான். உடனே ஆள் அனுப்பினார்.

“தபஸ்ஸும், அந்தக் குளத்தை எடுத்துடுங்க.”

“அத ஏற்கெனவே எடுத்துட்டாங்களே, மேடம்,” என்று வாய் தவறி வந்துவிட்டது தபஸ்ஸுமுக்கு.

மேடம் சிரிக்கவில்லை. இனி போர்டில் டீச்சர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் பார்க்கலாம் என்று அன்றே மாற்றினார்கள். சுற்றறிக்கையில் அதற்குப் ‘பாதுகாப்பான பங்கேற்பு’ என்று பெயர். தபஸ்ஸும் சீட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தார். ஏஞ்சலுடையதை அழிக்க மட்டும் கை வரவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த பாடத்தை மேடமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்: பாலைவனம்.