என் கட்டைப் பிரித்த மகள்

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தோல் வெட்டுகிறேன். நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி வேனில் போய் வருவது. கம்பெனிக்குள் யார் எங்கே என்பதைப் பள்ளிக்கூடம்தான் முடிவு செய்கிறது. என்னைப்போல எட்டு, ஒன்பது படித்தவர்கள் வெட்டு மேஜையில் நிற்கிறோம். பிளஸ் டூ முடித்த பெண்கள் தையல் மிஷினில். டிப்ளமோ கையில் இருந்தால் செக்கிங் மேஜை.

என் மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதியதும், எல்லாரையும்போல நானும் சூப்பர்வைசரிடம் தையல் வரிசையில் ஓர் இடம் சொல்லி வைத்தேன். அவளோ பாலிடெக்னிக்கில் தோல் சம்பந்தமான டிப்ளமோவுக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"தோலைப் பத்திப் படிக்க இன்னாம்மா இருக்குது? கேளு, நானே சொல்றேன்."

"நீ நல்லா வெட்டுவப்பா. ஏன் அப்டி வெட்டுறேன்னு கேட்டா சொல்ல வருமா உனக்கு?"

யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. முருகன் மேல் பாரத்தைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

படித்து முடித்து எங்கள் கம்பெனிக்கே செக்கிங்குக்கு வந்தாள். ஆறு மாதம் பயிற்சி. தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் தையல் வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள், டிப்ளமோவும் வீண்.

ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆடிக் கிருத்திகை வந்தது. வருஷா வருஷம் காவடி எடுக்கிறவன் நான். மத்தியானத்தோடு கிளம்பப் பர்மிஷன் வாங்கியிருந்தேன். விரதம் வேறு. மனசு மலையில், கை மேஜையில். ஷூவின் முன்பக்கத் துண்டை, விரல்களை மூடுகிற பாகத்தை, தோலின் முதுகை ஒட்டி வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கம் தோல் தளர்வு, போட்டு நடக்க நடக்கத் தொளதொளத்துப் போகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பிடித்து இழுத்தால்தான் வித்தியாசம் தெரியும். அவசரத்தில் கடைசி நாலு ஜோடியை நான் வயிற்றோரம் வரை இறக்கி வெட்டியிருக்கிறேன். சத்தியமாக எனக்கே அது தெரியாது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய துண்டுகளைக் கட்டாகக் கட்டி, மேலே அவரவர் நம்பரைப் போட்டுச் செக்கிங்குக்கு அனுப்புவோம். சீனியர் வெட்டிய கட்டை அங்கே யாரும் பிரிக்க மாட்டார்கள். மேலே இருக்கும் நம்பரைப் பார்த்து, "அண்ணனுதா? சரி" என்று முத்திரை குத்தித் தையலுக்கு அனுப்பிவிடுவார்கள். அது ஒரு மரியாதை. என் கட்டை ஒருவர் பிரித்து வருஷக்கணக்காகிறது.

நான் கை கழுவிக்கொண்டு இருக்கும்போது செக்கிங் பக்கம் சூப்பர்வைசரின் குரல் கேட்டது.

"யம்மா, அது உங்கப்பா கட்டும்மா. நம்பரைப் பார்த்தியா இல்லியா?"

"பார்த்துட்டுத்தான் சார் பிரிச்சேன். நாலு ஜோடி போகாது."

தையல் வரிசையில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு அம்மா சத்தமாகவே கேட்டாள்: "இன்னாண்ணே, பொண்ணப் படிக்க வெச்சது உன்னையே தள்ளி வெக்கறதுக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. நீங்க சரின்னா சரி. பாப்பா பேப்பர் இன்னிக்குத்தான் ஆபீசுக்குப் போவுது. சும்மா பேஜார் பண்ற பொண்ணுன்னு எழுதணுமா, வேணாமா?"

நான் ஒரு வார்த்தை சொன்னால் என் பேர் நிற்கும், அவள் வேலை போகும். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை வாங்கி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். ரொட்டி மாவு மாதிரி வந்தது.

"தப்புதான் சார். பாப்பா பார்த்தது சரி."

"எப்டிண்ணே? நீங்களா?"

பதில் சொன்னது அவள்தான். வயிற்றுப் பக்கம் நார் எப்படிப் பிரிந்து கிடக்கும், எந்தத் திசையில் இழுபடும், எத்தனை நாளில் சுருக்கம் விழும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாக என் விரலுக்கு மட்டும் தெரிந்திருந்த சங்கதி அவள் வாயில் பேச்சாக வந்தது. அவமானம் எந்த நிமிஷத்தில் போயிற்று என்று தெரியவில்லை. முருகா, இது என் பிள்ளை என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

நாலு ஜோடியையும் மறுபடி வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கோயிலுக்குப் போய்ச் சேர லேட்டு. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து சீனியர், ஜூனியர் எல்லார் கட்டையும் பிரித்தே பார்க்க வேண்டும் என்று ஆர்டர் வந்தது. என் தோஸ்துகள் ஒரு வாரம் என்னோடு டீ குடிக்கவில்லை.

நான்காம் நாள் அவளுக்கு நிரந்தர வேலைக் காகிதம் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் வேனில் தையல் வரிசைப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கிருத்திகையன்று என்னைக் கேலியாகக் கேட்ட அந்த அம்மாவும்தான். "எம்பொண்ணு பத்தாவது படிக்குது, பாப்பா, கணக்குல கொஞ்சம் கம்மி. அவளுக்கு அந்தப் படிப்பு கெடைக்குமா? அப்ளிகேஷன் பாரம் எங்க தர்றாங்கோ?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துக் கிழித்து எழுதிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இடம் இல்லை. நான் பின் சீட்டுக்குப் போனேன்.