நான் திருப்பி வாங்காத அம்மிக்குழவி

ஜெபமணி அக்கா போய்விட்டார். இன்று காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில், அவர் வீட்டிலேயே. மகள்தான் போன் செய்து சொன்னாள்.

இங்கே இருக்கிற பலருக்கு அக்காவைத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஒரு மில்லில், வைண்டிங் டிபார்ட்மெண்டில் எனக்கு அடுத்த மெஷின் அவருடையது. அறுந்த நூலை முடிச்சுப் போட்டு, கோன் என்கிற கூம்பில் சுற்ற ஓட்டுகிற வேலை.

அக்காவின் ஜெபமே தனி ரகம். கண்ணை மூடி உட்கார்ந்தால் மட்டும் அவருக்குப் போதாது, கையும் ஏதாவது செய்ய வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு வேஸ்ட் நூல் கொடுப்பார். மனசை உறுத்துவதையெல்லாம் அதில் முடிச்சாகப் போடச் சொல்வார். அப்புறம் "இயேசப்பா, இனி இது ஒம்ம பாடு" என்று சொல்லி வேஸ்ட் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

எவ இப்படி நூலை வீணாக்குறது என்று மேஸ்திரி ஒருநாள் கத்தினார். கொஞ்ச நாள் கழித்து அவரே வந்து எனக்கும் ஒரு நூல் குடு என்று கேட்டது தனிக்கதை...

அப்போதுதான் மெஷின் பெல்ட்டில் என் கை மாட்டியது. வலது கையில் இரண்டு விரல் நுனி போனது. புண் ஆறிவிட்டது, பயம்தான் ஆறவில்லை. மில் கேட் வரை போவேன். உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் உடம்பு வெடவெடத்துத் திரும்பி வந்துவிடுவேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று மில்லில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். நான் நானாக நின்ற ஒரே இடம் அந்த மெஷின்தான். அதை விட்டுவிட எனக்கு மனசே இல்லை.

விஷயம் அக்கா காதுக்குப் போனது. ஞாயிறு மத்தியானம் தன் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரச் சொன்னார். உன் பாரத்துக்கு ஒரு கல்லும் கொண்டுவா என்றார்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. இந்தக் கல் விஷயமெல்லாம் எனக்கு என்ன தெரியும்? என் பாரத்துக்கு ஏற்ற கல் எது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அம்மிக்குழவிதான் கண்ணில் பட்டது. மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே போனால்... எல்லார் கையிலும் கூழாங்கல். ஒருத்தி புளியங்கொட்டை சைஸில் வைத்திருந்தாள். நான் குழவியை வெளியே எடுத்ததும் வீடே சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஏட்டி, அம்புட்டு பாரமா ஒனக்கு?" என்றார்.

அழுதுவிட்டேன்.

ஜெபம் முடிகிற வரைக்கும் குழவியைக் கையில் ஏந்தி நிற்கச் சொன்னார். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. மில்லுக்கு மெஷின் வந்த பெட்டிப் பலகையில் செய்த சிலுவை ஒன்று சுவரோரம் நிற்கும். அதன் அடியில் இறக்கி வை என்றார். வைத்தேன். அப்பாடா... அந்த நிமிஷத்தை என் தோள் இன்றும் மறக்கவில்லை.

கூட்டம் முடிந்தால் அக்கா வாசலில் நின்று எல்லாரிடமும் ஒன்றுதான் சொல்வார். "கைய வீசிட்டுப் போங்கட்டி."

எல்லாரும் கையை வீசிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் குழவியை எடுத்துப் பைக்குள் வைத்தேன். பின்னே? காலையில் சட்னி அரைக்க வேண்டாமா?

"ஆண்டவர்ட்ட குடுத்தத திருப்பிக் கேக்கியா?" என்று பையைப் பிடுங்கிவிட்டார் அக்கா.

வீட்டில் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. அம்மிக்குழவியைக் கொண்டுபோய் இயேசுவிடம் கொடுத்துவிட்டு வந்த மருமகளை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் அம்மி முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன். குழவி இல்லை. அட, கொடுத்துவிட்டோமே என்று ஞாபகம் வந்தது. எழுந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டேன்.

கேட்டில் அதே மெஷின் சத்தம் கேட்கத்தான் செய்தது. என் வெறும் கையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

அக்கா என் மெஷினை ஓடவிட்டார், அவ்வளவுதான். அறுந்த நூலை மிச்சமிருந்த விரல்களால் பிடித்து முடிச்சுப் போட்டேன். கோன் ஓடியது! டிபார்ட்மெண்டே கைதட்டியது. மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, எல்லார் கையும் ஆடுவது மட்டும் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, குழவியை மீட்க அத்தையே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிவிட்டார். நானும் பதறிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அக்கா தடுக்கவில்லை. "தாராளமா எடுத்துக்கோங்க ஆச்சி. ஒங்க மருமக பயம் அம்புட்டும் அதுலதான் இருக்கு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறியளா?"

குழவி வரைக்கும் போன கையை அத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அது அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வருகிற வழியில் கல் கொத்துகிறவரிடம் புதுக் குழவிக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

ரிட்டயர் ஆகிற வரைக்கும் நான் அதே வைண்டிங்தான். ஒருநாளும் கேட்டோடு திரும்பவில்லை.

இன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். அதே பலகைச் சிலுவை. அடியில் என் குழவி.

சவப்பெட்டிக்குள் அக்காவின் கையில் பூ இல்லை, கர்ச்சீப் இல்லை, சிலுவைகூட இல்லை. எதையும் பிடிக்கக் கொடுக்காதீர்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாராம். இரண்டு கையும் விரிந்து, சும்மா கிடந்தன. ராணி மாதிரி இருந்தார்.

"அம்மா ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாவ... ஒங்க கல்லு வேணுமான்னு" என்றாள் மகள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எனக்கும்தான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கைய வீசிட்டுப் போங்க, அக்கா.