பாஜிலா சொன்ன கம்பெனி

கம்பத்தில் யாராவது பழைய ஸ்பேனரைக் கையில் எடுத்தால், பக்கத்தில் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "பாஜிலாக்காகிட்ட காட்டுனியா?" என்பதுதான். பழைய இரும்புக் கடை நடத்தும் பாஜிலா துருவைத் தேய்த்து, முகப்பவுடர் தடவி, மழுங்கிக் கிடக்கும் எழுத்தை எழுப்பிவிடுவாள். எழுத்தே இல்லையென்றால் கழுத்து வளைவைத் தடவிப் பார்த்துக் கம்பெனியைச் சொல்வாள். பத்தாவது பெயிலான பொம்பளைக்கு இங்கிலாந்துக் கம்பெனிகள் அத்தனையும் அத்துப்படி. கர்வமும் கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா வந்த பெயரா அது?

பார்க்கிற ஒவ்வொரு ஸ்பேனரையும் நோட்டில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, உள்ளே கம்பெனி பெயரையும் கொண்டுவந்தவர் பெயரையும் எழுதி வைப்பது அவள் வழக்கம்.

போன மாசியில், பழைய சாமான் சேர்க்கிற கட்டப்பனைக்காரர் ஒருவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது பம்புசெட் மெக்கானிக் அம்மாவாசி உள்ளே வந்தான். ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் அறையில் அவன் ஸ்பேனர் களவுபோய் ஒரு மாதம். பழைய ஆயில் எஞ்சினின் அங்குல நட்டில் இப்போதைய மில்லிமீட்டர் ஸ்பேனர் வழுக்கி, நட்டின் முனையைத் தின்றுவிடும். அதனால் பாதி வேலையை விட்டுக்கொண்டிருந்தான். அந்த ஸ்பேனர் இப்போது பாஜிலா கடைச் சுவரில் தொங்கியது.

"அக்கா, இது என் ஸ்பேனரு."

பாஜிலாவுக்குச் சுருக்கென்றது. தேனியிலிருந்து மூட்டையாக வாங்கிய சரக்கு அது. களவுச் சாமான் நம்ம கடைப்படி ஏறாது என்று கட்டப்பனைக்காரரிடம் இப்போதுதான் பெருமை பேசியிருந்தாள்.

"உன்னுது என்ன கம்பெனி?"

"ஹார்லோ. இங்கிலீசுக் கம்பெனி."

அவளுக்கு மூச்சு வந்தது. "இது ஹார்லோ இல்ல தம்பி. ஹார்லோன்னா கைப்பிடியில மேடு இருக்கும். இதுல பள்ளம். நம்ம நாட்டு லூதியானாச் சரக்கு. வேற எங்கனயாச்சும் போயித் தேடு."

அம்மாவாசி விழித்தான். "நீங்கதானக்கா சொன்னீக. ஏழு வருசத்துக்கு முந்தி, பவுடரு தடவிப் பாத்துட்டு."

"நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே பயம் பிடித்துக்கொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில் மேட்டையும் பள்ளத்தையும் யார் பார்த்தது? தேய்ந்த எழுத்தில் பாதியை அவளே நிரப்பிப் படித்திருப்பாள். நோட்டை எடுக்காமல் அவனை அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் வாக்கை நம்பி வாங்க வந்தவர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நோட்டை எடுத்தாள். பக்கத்தைத் தேடி ஸ்பேனரை வைத்தாள். ஸ்பேனர் வாயில் உடைந்திருந்த மூலைகூடப் பென்சில் கோட்டோடு அச்சாகப் பொருந்தியது. உள்ளே அவள் கையெழுத்து: ஹார்லோ, அம்மாவாசி.

"உன்னுதுதான். நான் சொன்னதுதான் தப்பு. எடுத்துக்க."

கையில் வாங்கிய அம்மாவாசி முகத்தில் பாதிச் சந்தோஷம்தான். "அப்ப இது இங்கிலீசு இல்லையாக்கா? தோட்டம் தோட்டமாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!"

"நட்டு கழலுதுல்ல, போ."

கட்டப்பனைக்காரர் எதுவும் வாங்காமல் எழுந்து போனார். பாஜிலாவுக்குக் காது சுட்டது, அழுகைகூட வந்தது. பிறகு நோட்டை முதலிலிருந்து புரட்டினாள். ஹார்லோ என்று எழுதிய பக்கம் இன்னும் பதினொன்று இருந்தது. போனை எடுத்து முதல் ஆளைக் கூப்பிட்டாள்.

"கம்பம் பாஜிலா பேசுறேன். அன்னைக்கு நான் சொன்னத நம்பாதீக. ஸ்பேனர எடுத்துட்டு வாங்க, மறுபடி பாப்போம்."